அதிர்வும் ஐயமும்: கள்வர் எச்சரிக்கைப் பொறிகளின் வரலாற்றில் உணர்திறன் என்னும் சிக்கல்

கள்வரின் வரவை அறிவிக்கும் பொறிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே கூறப்பட்டு வந்துள்ளது. மணி, மின்சுற்று, அதிர்வுணரி எனப் படிமுறையாகப் பொறிகள் வளர்ந்தன என்பதும், ஒவ்வொன்றும் முந்தியதை விஞ்சி நின்றது என்பதும் அக்கூற்றின் சாரமாகும். ஆயின் இவ்வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, அதனூடே பிறிதொரு சிக்கல் இழையோடி வருதலைக் காணலாம். எவ்வளவு சிறிய அசைவுக்கு ஒரு பொறி ஒலியெழுப்ப வேண்டும்? அதனை மிகக் கூர்மையாக அமைத்தால் காற்றுக்கும் அலறும். மந்தமாக அமைத்தால் கள்வன் நுழைந்த பின்னும் வாளாவிருக்கும். இவ்விரு தவறுகளுள் எதனைப் பொறுத்துக்கொள்வது, அதன் சுமையை யார் தாங்குவது என்பனவே அச்சிக்கலின் இரு கூறுகளாம்.

அதிர்வை உணரும் கருவிகளுள் மிகப் பழையதாக அறியப்படுவது சீனத்து அறிஞர் சாங் ஹெங் கி.பி. 132இல் அமைத்த நிலநடுக்கங்காட்டியாகும். எண்டிசை நோக்கிய எட்டு நாகங்களின் வாயில் எட்டுக் குண்டுகள் இருந்தன. நிலம் அதிரின், அத்திசைக்குரிய குண்டு கீழே இருந்த தேரையின் வாயில் விழும். ஒருமுறை குண்டு விழுந்தபோது தலைநகரில் எவரும் அதிர்வை உணரவில்லை. அறிஞர் பலர் கருவியை ஐயுற்றனர். சில நாட்களின் பின் தூதன் ஒருவன் வந்து லொங்சி என்னும் தொலைப் பிரதேசத்தில் நிலம் நடுங்கியதை அறிவித்த பின்னரே ஐயம் நீங்கியது எனப் பிற்கால ஹான் வரலாற்று நூல் கூறுகின்றது. மனிதப் புலனுக்கு எட்டாததை உணரும் பொறியின் கூற்றை, வேறொரு சான்று வரும்வரை மனிதர் நம்பத் தயங்குவர் என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

மின்சாரத்தாலியங்கும் கள்வர் எச்சரிக்கைப் பொறிக்கு ஐக்கிய அமெரிக்காவின் மஸச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒகஸ்ரஸ் ரசல் போப் என்பார் 1853இல் ஆக்கவுரிமை பெற்றார். கதவோ யன்னலோ திறக்கப்படின் மின்சுற்று பூர்த்தியாகி, மின்காந்தம் மணியை ஒலிக்கச் செய்யும். 1857இல் இவ்வுரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ், 1859இல் நியூயோர்க்குக்கு இடம்பெயர்ந்து இதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார். இவரது மைந்தர் 1877இல் பொஸ்ரன் நகரின் எச்சரிக்கைக் கம்பிகளைத் தொலைபேசி இணைப்புக்கும் பயன்படுத்தியமை குறிப்பிடத்தக்கது.

போப்பின் பொறியில் உணர்திறன் என்னும் வினா பெரிதாக எழவில்லை. கதவு ஒன்றில் திறந்திருக்கும், அன்றேல் மூடியிருக்கும், இடைநிலை இல்லை. ஆனால் கதவைத் திறவாது கண்ணாடியை உடைத்து நுழைபவனை அது அறியமாட்டாது. இக்குறையை நீக்கக் கண்ணாடியில் மெல்லிய உலோகப்பட்டி ஒட்டப்பட்டது. கண்ணாடி உடையின் பட்டியும் அறுந்து மின்னோட்டம் தடைப்படும். பின்னர், உடைவதற்கு முன்னரே தாக்குதலை அறியும் நோக்குடன் அதிர்வுணரிகள் வந்தன. மெல்லிய சுருள்வில்லின் நுனியிலுள்ள எடை, அருகிலுள்ள தொடுமுனையிலிருந்து சிறிது விலகி நிற்கும். திருகாணியைத் திருப்பி அவ்விடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். வரலாற்று நோக்கில் இச்சிறு திருகாணி முக்கியமானது. அளவு பற்றிய தீர்மானத்தைப் பொறியை ஆக்கியவரிடமிருந்து அதனைப் பொருத்துபவரின் கைக்கு மாற்றியது அதுவே.

உணரும் ஆற்றலைப் பெருக்குவது இதற்குள் கடினமானதாக இருக்கவில்லை. 1878இல் டேவிட் ஹியூஸ் விளக்கிக் காட்டிய கரி ஒலிவாங்கி, ஈ நடக்கும் ஓசையையும் கேட்கச் செய்தது. 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி ஆகிய சகோதரர், சில பளிங்குகள் அழுத்தப்படும்போது மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். இன்றைய அதிர்வுணரிகள் பல இத்தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டவை. எனவே பிற்காலத்துப் பொறியியலாளர் எதிர்நோக்கிய இடர்ப்பாடு உணர்திறனின் போதாமையன்று. கனரக வாகனம், இடிமுழக்கம், அறைந்து சாத்தப்படும் கதவு ஆகியவற்றின் அதிர்விலிருந்து கள்வனின் அதிர்வை வேறுபிரித்தறிவதேயாகும்.

இவ்விடர்ப்பாட்டுக்குத் தெளிவான விளக்கம் வேறு துறைகளிலிருந்தே கிடைத்தது. 1933இல் நெய்மன், பியர்சன் ஆகிய புள்ளியியலறிஞர் இருவகைத் தவறுகளையும் ஒருங்கே எடைபோடும் முறையை வகுத்தனர். ராடர் ஆய்வின் வழிவந்த சைகை கண்டறிதற் கொள்கை 1954இல் உருப்பெற்று, 1966இல் வெளியான கிறீன், சுவெற்ஸ் ஆகியோரின் நூலால் உளவியலிலும் பரவியது. வேறுபிரித்தறியும் ஆற்றல் ஒன்று, தீர்மான எல்லை மற்றொன்று என இக்கொள்கை பிரித்துக் காட்டியது. திருகாணியைத் திருப்புவதால் எல்லை மட்டுமே நகரும். ஒரு தவறு குறைய மற்றையது கூடும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க வேண்டின் பொறிக்குக் கூடுதற் செய்தி கிடைக்க வேண்டும். ஒரு பேரடியையும் குறித்த நேரத்துள் தொடர்ந்து வரும் பல சிற்றடிகளையும் தனித்தனியே மதிப்பிடும் பகுப்பான்கள் அதிர்வுணரிகளுடன் இணைக்கப்பட்டமை இத்தேவையை நிறைவு செய்யும் முயற்சியே. காற்றில் வீழ்ந்த கிளை ஒருமுறை தட்டும்; யன்னலை நெம்புபவனோ பலமுறை அசைப்பான்.

எனினும் இச்சிக்கல் பொறியியலுடன் முடிவடையவில்லை. மின்னணு உறுப்புகளின் விலை வீழ்ந்து, பொறிகள் சாதாரண இல்லங்களிலும் பெருகியபோது, பொய் எச்சரிக்கையின் சுமை வீட்டாரிடமிருந்து பொதுமக்களிடம் சென்றது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட வழிகாட்டியொன்று, பொலிசாருக்கு எட்டிய கள்வர் எச்சரிக்கைகளுள் நூற்றுக்கு 94 முதல் 98 வரையானவை பொய்யானவை எனக் கணித்தது. வீட்டாரின் கவனயீனம், பிழையான பொருத்துகை, கருவிக் கோளாறு என்பன இதற்குக் காரணங்களாம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் சோல்ற் லேக் நகரம், தனியார் காவலர் நேரிற் சென்று உறுதிப்படுத்திய பின்னரே பொலிசார் செல்வர் என விதித்தது. அதன்பின் அத்தகைய அழைப்புகள் ஏறக்குறைய நூற்றுக்கு 90 குறைந்தன.

இவ்விதி வீணான அலைச்சலைத் தவிர்த்தது என்பதில் ஐயமில்லை. அதேவேளை, பொதுப் பாதுகாப்பின் வாயிலில் தனியார் காவலரை நிறுத்தியது என்னும் கண்டனமும் புறக்கணிக்கத்தக்கதன்று. மெய்யாகவே ஆபத்துக்குள்ளான இல்லத்தவரும் அவ்விடைக்காலத்தைக் காத்திருந்தே கழிக்க வேண்டியவராயினர். லொங்சியிலிருந்து தூதன் வரும்வரை கருவியை நம்ப மறுத்த அறிஞரின் நிலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஆகவே உணர்திறனைச் சீர்செய்தல் என்பது, அதனைப் பொருத்துபவர் தனித்து முடிவுசெய்யும் தொழில்நுட்பக் காரியம் மட்டுமன்று. ஒரு வீட்டின் அமைதிக்காகத் திருகாணி எவ்வளவு திருப்பப்படுகின்றது என்பதில் அயலாரின் உறக்கமும், காவற்றுறையின் நேரமும், மெய்யான எச்சரிக்கையின் மதிப்பும் அடங்கியுள்ளன. இப்பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடித்தவர்களின் பெயர்களோடு, அவற்றின் தவறுகளுக்கு விலை கொடுத்தோரையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.