இடம் மாறியவர்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. மக்களவைத் தேர்தலில் மயிலாப்பூர்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக எனக்குப் பணி. காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே என் மேசையில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று வாக்காளர் பட்டியல். இன்னொன்று அதிலிருந்து பிரித்தெடுத்த சில பெயர்கள்: வீட்டில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர். வீடு வீடாகப் போன அலுவலர்களால் கண்டுபிடிக்க முடியாதவர்கள் இவர்கள். இந்தப் பெயர்களில் யாராவது வந்து நின்றால் அடையாள அட்டையைக் கூடுதல் கவனத்தோடு சரிபார்க்க வேண்டும். கையெழுத்தோடு கைரேகையும் வாங்க வேண்டும். ஆனால் திருப்பி அனுப்பக் கூடாது. பெயர் முதல் பட்டியலில் இருக்கும்வரை வாக்களிக்கும் உரிமை அவருக்கு உண்டு.

பதினொரு மணிவாக்கில் ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முதல் மேசையில் இருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார். இரண்டாம் பட்டியலில், 'இடம் மாறியவர்' என்ற பிரிவில் அவர் பெயர் இருந்தது. "வீடு மாறிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். "நானா எங்க மேடம் மாறுனேன்? மாத்திவுட்டாங்க" என்றார். அடையாற்றின் கரையோரம் குடியிருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். புது முகவரிக்கே பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். கைரேகை வைத்த விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வீடு போயிடுச்சு. பேராவது இங்க இருக்கட்டுமே."

அவர் வாக்களித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்த இன்னொரு பெண்ணின் பெயர் இரண்டு பட்டியலிலும் இல்லை. கையில் வாக்காளர் அட்டை இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. அட்டை மட்டும் இருந்தால் வாக்களிக்க முடியாது என்பது விதி. அதை அவரிடம் சொல்ல வேண்டியவள் நான். "போன தடவ போட்டேனே" என்று மூன்று முறை சொன்னார். பிறகு போய்விட்டார்.

அன்றிரவு கருவிகளை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும்போது செய்திகள் வழக்கமான பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தன: சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை. எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் பதிவானது 69.72 விழுக்காடு, தருமபுரியில் 81 விழுக்காட்டுக்கும் மேல். தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் ஏறத்தாழ 54 தான். அதிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் எல்லாம் அடங்கிய தென் சென்னையில் முதல் இரண்டு இடங்களைப் பெற்றவர்கள் இருவருமே பெண்கள்: தமிழச்சி தங்கபாண்டியன், தமிழிசை சௌந்தரராஜன். நூறாண்டுக்கு முன் வாக்குரிமை கேட்ட பெண்கள் நினைத்தும் பார்த்திராத போட்டி. அதைப் பார்க்கவும் பாதிக்குப் பாதிப் பேர் வரவில்லை.

வராதவர்கள் எல்லோரையும் 'அக்கறை இல்லாதவர்கள்' என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான் எனக்கு இடிக்கிறது. என் மேசைக்கு வந்து திரும்பிப்போன அந்தப் பெண்ணும் அன்றைய கணக்கில் வாக்களிக்காதவர்தான்.

பெண்ணின் வாக்கு இந்த நகரத்தில் எப்படி வந்தது என்பதைத் திரும்பிப் பார்த்தால் இந்தக் குழப்பம் கொஞ்சம் தெளியும். 1917 மே 8 அன்று அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றார்கள். அந்த ஆண்டு இந்திய அமைச்சர் மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க இந்தியாவுக்கு வந்தார். பெண் கல்வி பற்றிப் பேசத்தான் கசின்ஸ் முதலில் நேரம் கேட்டார். அரசியல் கோரிக்கைகளுக்கு மட்டுமே நேரம் ஒதுக்கப்படும் என்று பதில் வந்தது. அரசியல்தான் வேண்டுமென்றால் அதையே கேட்போம் என்று வாக்குரிமைக் கோரிக்கை எழுதப்பட்டது. டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது.

அடுத்து வந்த சவுத்பரோ குழு பெண்களுக்கு வாக்குரிமை தரப் பரிந்துரைக்கவில்லை. பெண்கள் வெளியே வராத சமூகத்தில் அதற்கு இன்னும் காலம் கனியவில்லை என்பது அதன் வாதம். வர விரும்பியவர்களின் கோரிக்கை கண்ணெதிரே இருக்க, வரமாட்டார்கள் என்று அவர்களுக்காக வேறு யாரோ தீர்மானித்தார்கள். 1919ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை மாகாணச் சட்டமன்றங்களிடம் தள்ளிவிட்டது. 1921 ஏப்ரல் 1 அன்று, நீதிக்கட்சி ஆட்சியில், சென்னை சட்டமன்றம் பெண் என்பதற்காக வாக்குரிமை மறுக்கும் தடையை நீக்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல்.

பள்ளிப் பாடம் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு முடிந்துவிடும். ஆனால் நீங்கியது பால் தடை மட்டும். சொத்து, வரி என்ற தகுதிகள் அப்படியே இருந்தன. தன் பெயரில் வீடோ நிலமோ வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர்? நூறு பெண்களுக்கு ஒருவர்கூடத் தேறாத அளவுக்கே பட்டியல் இருந்தது. மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு வழக்கறிஞரின் மனைவி வாக்களிக்கப் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் கூச்சமாகவே இருக்க வேண்டியதில்லை. வீட்டுப் பத்திரம் அவர் பெயரில் இல்லாததாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவருக்கு இந்தக் கேள்வியே எழவில்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டம் வாசலை இன்னும் கொஞ்சம் திறந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் வாக்கு. தகுதியுள்ள கணவர் இருந்தாலும் வாக்கு. பெண்கள் அமைப்புகள் இந்த மனைவித் தகுதியை எதிர்த்தன. சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1933இல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தவர்களில் ஒருவர். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பதே அவர்களின் நிலைப்பாடு. கணவன் வழியாக வரும் குடியுரிமை வேண்டாம் என்றார்கள். எனினும் சட்டம் அப்படித்தான் வந்தது. 2 கோடியே 90 லட்சம் ஆண்களுக்கு 60 லட்சம் பெண்கள் வாக்காளர்களானார்கள். அந்த 60 லட்சத்திலும் ஒரு பகுதியினர் இன்னாரின் மனைவி என்ற தகுதியில் வந்தவர்கள்.

விடுதலைக்குப் பிறகு எல்லோருக்கும் வாக்கு. 1951–52இல் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம், பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதிக்கொண்டார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயரைச் சொல்ல அவகாசம் கொடுத்தும் சொல்லாதவர்களின் பதிவுகளை நீக்கச் சொன்னார். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் இப்படி விடுபட்டார்கள். சென் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். யாருடைய மனைவியாகவும் இல்லாமல் தன் பெயரில் நிற்பவள்தான் குடிமகள். ஆனால் அந்தக் கொள்கைக்கான விலையை அந்தத் தேர்தலில் கொடுத்தவர்கள் அந்த 28 லட்சம் பெண்கள். பெயர் சொல்லாதே என்று பழக்கிய வீடுகளின் ஆண்கள் வழக்கம்போல வாக்களித்தார்கள்.

1962 மக்களவைத் தேர்தலில் இந்தியா முழுவதும் ஆண்களில் 63 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். பெண்களில் 47 விழுக்காட்டினர். அந்த இடைவெளி மெல்ல மெல்லச் சுருங்கி 2019இல் மறைந்தது. 2024இல் பெண்கள் 65.78, ஆண்கள் 65.55. கால் விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு என்றாலும் சவுத்பரோ குழுவுக்கான பதில் அதில் இருக்கிறது. இந்தக் கணக்கு வாக்குச்சாவடியில் எப்படித் தொடங்குகிறது என்பதை அன்று நான் பார்த்தேன். வாக்களிக்க வந்தவர் ஆணென்றால் பட்டியலில் அவர் பெயருக்கு ஒரு கோடு. பெண்ணென்றால் கோட்டோடு கூடுதலாக ஒரு குறி. அந்தக் குறிகளை எண்ணித்தான் பெண்கள் எத்தனை பேர் என்று மேலே சொல்கிறோம்.

அந்தக் குறிகள் சும்மா போவதும் இல்லை. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தொடங்கியது. தமிழகத்தில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம் என்பதை எல்லாக் கட்சிகளும் அறிந்திருக்கின்றன. இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். ஏழைப் பெண்கள் ஏதாவது கிடைக்கும் என்றுதான் வரிசையில் நிற்கிறார்கள் என்பார்கள். தன் வாழ்க்கைக்கு அரசு என்ன செய்கிறது என்று பார்த்து வாக்களிப்பது எப்போது இழுக்கானது? தொழிலதிபர் வரிச்சலுகையைப் பார்த்து வாக்களித்தால் அது பொருளாதாரச் சிந்தனை. வீட்டு வேலை செய்யும் பெண் பேருந்துக் கட்டணத்தைப் பார்த்து வாக்களித்தால் மட்டும் பேராசையா?

அப்படியானால் வசதியாகப் பட்டியலில் இருந்துகொண்டு வராதவர்கள்? அவர்களில் ஒருத்தியைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, சென்னை மாநகராட்சித் தேர்தல். மாமன்றத்தின் பதவிக்காலம் 2016இலேயே முடிந்துவிட்டது. ஐந்தாண்டுக்கும் மேலாகக் கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகள் நடத்திய நகரம் இது. 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு நடந்த முதல் தேர்தல் அது. வாக்குப்பதிவு 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நானும் போகவில்லை.

திருமணமாகி அடையாறுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் என் பெயர் தி. நகரில் அம்மா வீட்டு முகவரியிலேயே இருந்தது. மாற்ற வேண்டும் என்று நினைப்பேன். விடைத்தாள் திருத்தம் வரும், பிள்ளைக்குத் தேர்வு வரும். அந்தச் சனிக்கிழமை, நான் வசிக்காத வார்டுக்கு யார் கவுன்சிலராக வந்தால் எனக்கென்ன என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். தண்ணீர் வராவிட்டால் எங்கள் குடியிருப்பில் லாரி வரவழைத்துக்கொள்ளலாம். தெருவிளக்கு எரியாவிட்டால் ஸ்கூட்டருக்கு விளக்கு இருக்கிறது. கவுன்சிலர் இல்லாத ஐந்து ஆண்டுகளில் அவர் இல்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. என் அலட்சியத்துக்குக் காரணம் அந்த வசதிதான். அரசை நாடாமல் நாளைக் கழிக்க முடிந்தவருக்குத் தேர்தல் நாள் இன்னொரு விடுமுறையாகிவிடுகிறது. அடையாறிலிருந்து தி. நகருக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு அதைப் போல மூன்று மடங்கு.

அந்த இரண்டு பெண்களின் நினைவு என்னை விடாததற்கு இதுதான் காரணம். சட்டப்படி பார்த்தால் நானும் இடம் மாறியவள்தான். பெண்கள் எல்லோருமே ஒருமுறையாவது இடம் மாறுகிறோம்: மணம் முடித்து, மணம் முறிந்து, வேலைக்காக, வாடகை ஏறியதால், அரசு வெளியேற்றியதால். வாக்கோ ஒரு வீட்டு எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. 1921இல் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள், 1935இல் கணவனைக் கேட்டார்கள், இன்று முகவரியைக் கேட்கிறார்கள். முகவரி இல்லாமல் தொகுதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே உத்தரவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்த அரசுக்கு, அவர்களுடைய பெயர்களையும் கூடவே கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய வேலையா? வீட்டை இடிக்க வந்தவர்களுடன் படிவத்தோடு ஒருவர் வந்திருக்கலாம். வாக்குச்சாவடிக்கு வாருங்கள் என்று நடிகர்களை வைத்து விளம்பரம் செய்வதைவிட அது பயன் தரும்.

என் மாணவிகளிடம் இப்போதெல்லாம் ஒரு வேலை கொடுக்கிறேன். பதினெட்டு வயதானவர்கள் படிவம் 6 நிரப்ப வேண்டும். பதினேழு முடிந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் இப்போது உண்டு. தந்தை பெயருக்குப் பதில் தாயின் பெயரையும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிறகு உங்கள் அம்மாவின் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று பட்டியலில் தேடிப் பார்த்து வரவேண்டும். இடம் மாறியிருந்தால் படிவம் 8.

போன பருவத்தில் முப்பத்திரண்டு பேர் வகுப்பில் ஒன்பது பேர், அம்மாவின் பெயர் பழைய வீட்டில் இருக்கிறது என்று சொன்னார்கள். நான்கு பேரின் அம்மாக்களுடைய பெயர் எங்குமே கிடைக்கவில்லை. படிவங்களை வகுப்பிலேயே நிரப்பினோம். என்னுடையதை அதற்கு முன்பே நிரப்பிவிட்டேன்.