ஐராவதிக் கரையில் கண்ட வாய்ப்பு

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போனால் பர்மாத் தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் திரும்பினேன். அந்தத் தூண்களை வாங்கிய பணத்துக்கான தொழில் எப்படிக் கண்ணில் பட்டது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை பக்கத்தில் வந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டையும் சதுப்பையும் திருத்தினால் நெல் விளையும். அதற்கு மாடும் விதையும் கூலியும் வேண்டும். உழவரிடம் பணம் இல்லை. ரங்கூனின் ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வணிகர்களுக்குத்தான் கடன் கொடுத்தன. அந்த வங்கிகளிடமே கடன் வாங்கி, சொந்த முதலையும் சேர்த்து, உழவருக்குக் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

வட்டித் தொழில் அவர்களுக்குப் புதிதல்ல, இடம்தான் புதிது. முதலாளி ஊரில் இருப்பார். மூன்றாண்டுத் தவணையில் கப்பலேறிய மேலாள் டெல்டாச் சிற்றூரில் கடை வைத்து, யாருக்கு எவ்வளவு நிலம், யார் சொன்ன சொல் தவறாதவர் என்று பக்கத்திலிருந்தே தெரிந்துகொண்டார். ரங்கூனில் உட்கார்ந்திருந்த வங்கிக்காரருக்கு அது தெரியாது. கணினித் துறை ஆலோசகனான என்னிடம் புதுத் தொழிலுக்கு வழி கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்: அங்கே போய் உட்காருங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் நகரத்தாரிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அது சுமார் 25 சதவீதமானது. அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது நிலம். பர்மிய உழவருக்கோ அது தன் நிலம் அந்நியர் கைக்குப் போன கதை. 1942இல் ஜப்பானியர் வந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள், பலர் நடந்தே. 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது.

நம் வீடுகளில் இதை இழப்பின் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தோம். அது பொய்யல்ல. உழவரின் நிலத்தையும் நாணயத்தையும் அத்தனை நுணுக்கமாக அறிந்த மேலாளின் பேரேட்டில், அந்த நிலம் கைமாறும் நாளில் உழவர் என்ன நினைப்பார் என்பதற்கு ஒரு பத்தி இல்லை. பிறர் நாட்டில் தொழில் தேடி வந்திருக்கும் நாம் அந்தப் பத்தியையும் எழுதிப் பார்க்கலாம்.