கரண்ட் போன பிறகு: கம்பம் பள்ளத்தாக்கின் மின்வெட்டும் கோப்பு முறைமைப் பழுதுநீக்கத்தின் வரலாறும்

தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் முல்லைப் பெரியாற்று நீர் லோயர் கேம்ப்பில் 1958 முதல் மின்சாரம் தருகிறது. 1965இல் நான்காவது இயந்திரம் சேர்ந்தபோது நிறுவுதிறன் 140 மெகாவாட். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளும் பின்னாளில் எழுந்தன. இத்தனை இருந்தும், 2012இல் சென்னை நீங்கலான தமிழகம் பல மணி நேர மின்வெட்டில் கிடந்தபோது தேனி மாவட்டம் அதற்கு விலக்காக இல்லை. இன்வெர்ட்டர் இல்லாத கடையில் ஓடிய சிஸ்டங்களின் கதி என்ன என்பது கோப்பு முறைமைகளின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய கேள்வி.

ஒரு கோப்பைச் சேமிக்கும்போது வட்டில் பல இடங்கள் மாறுகின்றன: உள்ளடக்கம், கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடு, அடைவில் பெயர், எந்தத் தொகுதிகள் காலி என்ற கணக்கு. நடுவில் கரண்ட் போனால் இவை ஒன்றுக்கொன்று முரண்படும். தொடக்ககால யூனிக்ஸில் ஐசெக், டிசெக் என்ற தனித்தனிக் கருவிகள் முரண்களைக் காட்டிக்கொடுத்தன. திருத்தும் வேலை பெரும்பாலும் இயக்குபவர் தலையில் விழுந்தது. 1970களின் இறுதியில் பெல் ஆய்வகத்தின் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே சோதனையையும் திருத்தத்தையும் ஒன்றாக்கியது. 1983இல் வெளியான 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பின் புதிய கோப்பு முறைமைக்கு அதை மெக்குசிக் தகவமைத்தார்.

உத்தமபாளையம் வட்டாட்சியர் அலுவலக ஜமாபந்தியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே அ-பதிவேடும் சிட்டாவும் அடங்கலும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கப்படுவதுபோல, எஃப்எஸ்சிகே முதலில் தொகுதிகளை எண்ணும். பிறகு பாதைப் பெயர்கள், இணைப்பு, சுட்டெண்ணிக்கை, கடைசியில் காலியிடக் கணக்கு. எந்த அடைவிலும் இடம்பெறாத கோப்பு 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் #48213 என்பதுபோல வெறும் ஐநோடு எண்ணோடு போய்ச் சேரும். பெயர் இருந்தது அடைவில். அடைவு போனால் பெயரும் போயிற்று.

விண்டோஸ் பக்கம், 95இன் பிற்காலப் பதிப்பும் 98உம் முறையாக அணைக்கப்படாமல் போனால் மறுமுறை தொடங்கும்போது ஸ்கேன்டிஸ்க் நீலத் திரையோடு தானே ஓடியது. பிரவுசிங் சென்டர் காலத்தவர்கள் அந்தத் திரையை மறந்திருக்க மாட்டார்கள். வட்டு பெரிதாகப் பெரிதாகக் காத்திருப்பும் நீண்டது.

தீர்வு தரவுத்தளத் துறையிலிருந்து வந்தது: செய்யப்போவதை முதலில் ஜர்னலில் எழுதி, பிறகே செய்வது. கரண்ட் போனால் முழு வட்டையும் அலச வேண்டாம். ஜர்னலின் கடைசிப் பதிவுகளை மீண்டும் நிறைவேற்றினால் போதும். 1993இல் விண்டோஸ் என்டியோடு என்டிஎஃப்எஸ், 2001இல் லினக்ஸில் இஎக்ஸ்டி3, 2008இல் இஎக்ஸ்டி4 என இது பரவியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இணைந்தே வந்தன. ஜர்னலும் பேட்டரியும் ஒருசேர அமைந்த அந்தக் கணினி, மின்வெட்டு மிகுந்த ஆண்டுகளில் கிராமத்துப் பிள்ளைகள் கைக்கு வந்தது தற்செயல்தான் என்றாலும் நல்ல தற்செயல்.

ஆனால் இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜர்னல் வழக்கமாகக் காப்பது கட்டமைப்பை. உள்ளடக்கத்தை அந்த அளவுக்கு அல்ல. 2009இல் இஎக்ஸ்டி4 பயன்படுத்தியவர்கள் சிலர், கணினி திடீரென நின்ற பிறகு கோப்புகள் பெயரோடு இருந்தும் அளவு சுழியமாகக் கிடந்ததாக முறையிட்டார்கள். கோப்பு முறைமை அளவில் எந்தப் பிழையும் இல்லை.

இன்னொன்று: பென்டிரைவுக்கும் கேமரா கார்டுக்கும் ஜர்னல் இன்றும் எட்டவில்லை. அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். ஃபேட்32 தன் ஒதுக்கீட்டு அட்டவணைக்கு வழக்கமாக இரண்டு படிகளாவது வைத்திருக்கும். பின்னால் வந்த எக்ஸ்ஃபேட்டில் பொதுவாக ஒன்றுதான். கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது கேமரா பேட்டரி இறங்கினால், கார்டைச் செருகியதும் விண்டோஸ் 'சரிசெய்யவா' என்று கேட்கும். ஒப்புக்கொண்டால் அநாதைத் துண்டுகள் ஃபைல்0000.சிஎச்கே என்ற பெயரில் வந்து நிற்கலாம், சில கோப்புகள் துண்டிக்கப்படவும் கூடும். அனுபவமுள்ளவர் முதலில் வேண்டாம் என்று சொல்லி, டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் கார்டை அப்படியே படியெடுத்து, அந்தப் படியில்தான் கைவைப்பார். அதன்பின் ஓடும் ஃபோட்டோரெக், கோப்பு முறைமையையே பொருட்படுத்தாது. ஜேபெக் படத்தின் தொடக்கத்தில் வரும் எஃப்எஃப் டி8 என்ற குறியைத் தேடி நேரே தொகுதிகளைப் படிக்கும். படங்கள் திரும்பும், பழைய பெயரும் அடைவும் திரும்பாது.