தவறணையும் கோப்பியும்: கண்டி வீதியின் வரவு செலவு

இலங்கையின் கரையோர ஊர்களில் இன்று மேனாட்டுப் பாணி மதுக்கூடங்களுக்குக் குறைவில்லை. மணலில் மேசை போட்டு, காலையில் கோப்பியும் அந்தியில் மதுவும் பரிமாறும் இத்தாலிய பாணிக் கடைகளும் அவற்றுள் அடங்கும். உல்லாசப் பயணிகள் அவற்றைப் புதுமை என்று கருதுகிறார்கள். என் போன்றோருக்கு அவை மிகப் பழைய ஒரு கணக்கை நினைவூட்டுகின்றன.

இத்தாலியில் 'பார்' என்றால் முதலில் கோப்பிக் கடை என்றே பொருள். மதுவும் அங்கே கிடைக்கும். ஆயினும் காலையில் அங்கு செல்பவர் நின்றபடியே ஒரு சிறு கோப்பை எஸ்பிரசோ அருந்திவிட்டுத் தம் வேலைக்குப் போய்விடுவார். அம்மொழியில் 'தவேர்னா' என்று இன்னொரு சொல் உண்டு. அது நமக்கு அந்நியமானதன்று. நாம் 'தவறணை' என்கிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். போர்த்துக்கேயச் சொல்லும் இத்தாலியச் சொல்லும் 'தபேர்னா' என்ற இலத்தீன் தாயின் பிள்ளைகள். தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கைத் தமிழில் கள், சாராயம் விற்கும் கடைக்குத் தவறணை என்று பெயர்.

ஆக, ஒரே கூரையின் கீழ் கோப்பி, மது என இரண்டு பானங்கள். இவை இரண்டும் இலங்கையின் வரலாற்றில் எங்கே சந்தித்தன என்று கேட்டால், விடை கடற்கரையில் இல்லை. கடலே இல்லாத கண்டியில் இருக்கிறது. கண்டியின் வாவியைச் சிங்களத்தில் 'கிரி முகுத' என்பார்கள். பாற்கடல் என்று பொருள். நாயக்க வம்சத்தவனான கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் வெட்டுவித்த செயற்கைக் கடல் அது. எட்டு ஆண்டுகளில், 1815இல், அவனுடைய இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. வென்றவர்கள் முதலில் தேடியது பாதையை. அடுத்துத் தேடியது வருமானத்தை.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி அமைந்தது. மலையைக் குடைந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியே அதனைக் கொண்டு சென்றவர்கள் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தில் பிடிக்கப்பட்ட கண்டிக் கிராமத்தவர்கள். அதே ஆளுநர் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாமே கோப்பி பயிரிட்டார். ஜோர்ஜ் பேர்ட் என்ற துரை அதற்குச் சற்று முன்னர் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியவில் தோட்டம் போட்டிருந்தார். 1830களின் பிற்பகுதியில் கோப்பி மோகம் தலைக்கேறியது. முடிக்குரிய நிலம் என்று பெயரிடப்பட்ட காடுகள் ஏக்கர் 5 ஷில்லிங் விலையில் கைமாறின. வாங்கியவர்களுள் அரசாங்க உயர் அதிகாரிகளே பலர் இருந்தனர்.

காடு கிடைத்தது, உழைக்க ஆள் வேண்டுமே! திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே கண்டி மலைகளுக்கு ஏறினார்கள். கொலராவும் மலேரியாவும் அந்த நெடும்பாதையில் ஆயிரக்கணக்கானோரைத் தின்றன. மிஞ்சியவர்கள் நட்டதும் கொய்ததுமே 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் அந்தர் கோப்பியாகக் கப்பலேறியது. பிரேசில், ஜாவா ஆகியவற்றுடன் இலங்கையும் உலகக் கோப்பிச் சந்தையின் முன்வரிசையில் நின்றது.

இனிக் கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். 1867இல் புகையிரதம் கண்டியை எட்டும் வரையில், கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளிலேயே கொழும்புக்கு இறங்கின. மேல்நோக்கி ஏறிய வண்டிகளில் தொழிலாளருக்கான அரிசி வந்தது, சாராயமும் வந்தது. கண்டிக் கிராமங்களில் கித்துள் கள் இருந்ததுதான். ஆனால் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் தென்மேற்குக் கடற்கரையின் சரக்கு. அதை விற்கும் உரிமையை அரசாங்கம் பிரதேசம் பிரதேசமாக ஏலத்தில் விட்டது. இதற்குச் சாராயக் குத்தகை என்று பெயர். ஏலம் எடுத்தவர் தம் எல்லைக்குள் தவறணைகளைத் திறப்பார். போட்ட முதலை அவர் மீட்க வேண்டுமானால் குடிப்பவர் தொகை பெருக வேண்டும். கூலிப்பணம் புழங்கிய தோட்டப் பகுதிகளைவிட அவருக்கு நல்ல சந்தை ஏது?

மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா கண்டிப் பிரதேசக் குத்தகைகளால் செல்வந்தரானவர்களுள் முதன்மையானவர். கண்டி மன்னருக்குரியதாயிருந்த அங்குராங்கெத்தை அரச தோட்டத்தை 1837இல் அரசாங்கத்திடமிருந்து விலைக்கு வாங்கிக் கோப்பி பயிரிட்ட முதல் இலங்கை முதலாளிகளுள் ஒருவரும் அவரே. இலங்கையின் முதலாளி வர்க்கம் உருவானதில் சாராயக் குத்தகைக்கு இருந்த பெரும் பங்கைக் கலாநிதி குமாரி ஜயவர்தன விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கோப்பிப் பணம் சாராயக் கடைக்கும், சாராயப் பணம் கோப்பித் தோட்டத்துக்கும் சுற்றிச் சுற்றி வந்தது. அரசாங்கமோ இரண்டு முனைகளிலும் வரவு வைத்தது. சுற்றுக்கு வெளியே நின்றவன், இரண்டுக்கும் பணம் விளைவித்துக் கொடுத்த தொழிலாளி மட்டுமே. அவன் பெயரில் எழுதப்பட்டது கங்காணியின் கடன் 'துண்டு' ஒன்றுதான். அந்தத் துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோப்பியின் கதை திடீரென முடிந்தது. 1869இல் முதன்முதலாக அறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தோட்டங்களைப் பாழாக்கியது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. மிலான் நகரத்து லூயிஜி பெட்சேரா எஸ்பிரசோ இயந்திரத்துக்கு 1901இல் காப்புரிமை பெற்றபோது, கண்டி மலைகளில் கோப்பி ஏறக்குறைய ஒரு பழங்கதை. பயிர் மாறியது, தவறணை மாறவில்லை.

அதை எதிர்த்துக் குரல் எழாமல் இல்லை. 1912இல் மதுவரி முறை திருத்தப்பட்டுப் புதிய கள்ளுத் தவறணைகள் பல திறக்கப்பட்டபோது, மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. சேனநாயக்க சகோதரர்கள் அதில் முன்னின்றார்கள். 1915 மே மாத இறுதியில் கண்டியில் சிங்களவர் - முஸ்லிம்கள் கலவரம் மூண்டு நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து மதுவிலக்குத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. அவர்களுக்காக வாதாட இலண்டன் வரை சென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பிரமுகர்களே அவரது வண்டியை இழுத்துச் சென்றது நமது சரித்திரத்தில் மறக்கவியலாத காட்சி. ஆயினும் அந்த இயக்கம் வேரூன்றியது சிங்கள பௌத்தக் கிராமங்களிலும் நகரங்களிலும்தான். தோட்டத்து லயன்களில் வாழ்ந்தோர் அதன் கண்ணில் பெரிதாகப் படவில்லை.

குடிப்பழக்கத்தைத் தோட்டத் தமிழரின் பிறவிக் குணம்போலப் பேசுவோரை என் பத்திரிகை வாழ்வில் நிறையக் கேட்டிருக்கிறேன். படித்தவர்களும் அவ்வாறு பேசுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பழக்கம் என்பது பாதி கதை. மீதிக் கதை ஏலத்தில் இருக்கிறது. கொடுத்த கூலியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடையைக் கூலிக்காரனின் வழியிலேயே திறந்து வைத்தது ஓர் அரசாங்கம். அதை வருமானம் என்று ஏட்டில் பதிந்ததும் அதே அரசாங்கந்தான். குடித்தவனை நிந்திக்கும் நாம், விற்றவனின் பெயரைத் தெருவுக்கும் மண்டபத்துக்கும் சூட்டி மகிழ்கிறோம்.

அண்மைக் காலத்தில் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் சிறிய அளவில் அரபிக்காக் கோப்பி மீண்டும் பயிராகிறது. மலையின் கோப்பியும் கரையின் சாராயமும் இனி ஒரு கடற்கரை மேசையில் அருகருகே அமரக்கூடும். அதில் தவறேதும் இல்லை. விலைப்பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனியே விலை போட்டிருப்பார்கள். கண்டி வீதி வழியே அவை ஏறி இறங்கிய காலத்தில் இரண்டுக்கும் சேர்த்து விலை கொடுத்தவர்கள், மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள்.