வேடன் ஏரியும் வெள்ளைக்காரன் துப்பாக்கியும்

இடையஞ்சாவடியின் செம்மண் மேட்டில் பெய்யும் மழையில் ஒரு பங்கு கிழக்கே கடலுக்கு ஓடிவிடும். இன்னொரு பங்கு ஏரி, ஓடை என்று இறங்கி வடக்கே கழுவெளியில் போய்ச் சேரும். மரக்காணம் உப்பளங்களுக்குப் பின்னால் கிடக்கும் அந்த நீர்ப்பரப்பு நல்ல மழைக்குப் பிறகு ஏறக்குறைய 70 சதுர கிலோமீட்டருக்கு விரியும். கோடையில் பெரும்பகுதி வறண்டு வெடித்துக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வடதேசத்து வாத்துகள் வந்து இறங்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து... அவை வந்த பின்னாலேயே நாட்டுத் துப்பாக்கியும் வலையும் வந்துவிடும்.

யாருடைய ஏரி அது? யார் பெயரிலும் பட்டா இல்லை. புறம்போக்கு! மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், கோரை அறுப்பவர் எல்லோரும் புழங்கும் இடம். அதனால் வாத்து சுடுகிறவரும் அதைத் தன் இடமாகத்தான் நினைத்தார். பொதுவான இடத்தில் ஆளாளுக்குத் துப்பாக்கியோடு போனால் கடைசியில் யாருக்கு என்ன மிஞ்சும்? இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 200 வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

முதலில் கழுவெளிக்கு வடக்கே, மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கல். பெயரைப் பிரித்தால் வேடன் + தாங்கல், அதாவது வேடனின் ஏரி. பறவைகளுக்குப் பேர்போன ஊருக்கு வேட்டைக்காரன் பெயர்! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினி சிப்பாய்கள் அங்கே வந்து, ஏரி மரங்களில் கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லியோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். (மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் இரவில் கரைமேல் ராமலட்சுமணரைப் பார்த்ததாகச் சொல்வார்களே, அதே கலெக்டர்தான்.) அவர் 1798-இல் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். பறவைகளை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்பது அதன் சாரம். 1858-இல் ஊர்க்காரர்கள் மறுபடியும் கேட்டு அந்த உத்தரவைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

ஊருக்கு ஏன் அவ்வளவு அக்கறை? பறவைப் பாசம் மட்டும் காரணமில்லை. ஆயிரக்கணக்கான கொக்கும் நாரையும் போடும் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து வயலுக்குப் பாய்கிறது. காசு கொடுத்து உரம் வாங்க வேண்டாம். காமர்ஸ் பாஷையில் சொன்னால், பறவைதான் முதல், எச்சம்தான் வட்டி. முதலைச் சுட்டுத் தின்றால் வட்டி எங்கிருந்து வரும்? ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் அந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் புரிந்திருந்தது. பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அப்படியெல்லாம் கட்டாயம் இல்லை, புழங்குகிற ஜனங்களே விதி போட்டுக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. வேடந்தாங்கல்காரர்கள் இரண்டு பேரையும் படிக்காமலே காரியத்தை முடித்துவிட்டார்கள்.

நீலகிரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே விதி போட்டவர்கள் வேட்டைக்காரர்களேதான்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிய பிறகு ஊட்டி வெள்ளைக்காரர்களின் ஊராக ஆனது. வெலிங்டனில் பட்டாளம் வந்தது, தேயிலை, காப்பித் தோட்டக்காரர்கள் வந்தார்கள். 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனது. 1870-களிலேயே மேட்டுப்பாளையம் வரை ரயிலும் வந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப்பேர் கையில் துப்பாக்கி. காடும் புல்வெளியும் சர்க்கார் நிலம், சுட வேண்டியது கடமான், வரையாடு, காட்டெருமை, காட்டுக்கோழி. கேட்க ஆளில்லை. கொஞ்ச வருஷத்தில் சுட மிருகம் கிடைக்கவில்லை என்ற புலம்பல் தொடங்கியது.

1877-இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது, மெட்ராஸ் சட்டம் எண் 2. மான் வகைகள், வரையாடு, முயல், மயில், காட்டுக்கோழி, கௌதாரி எல்லாம் 'வேட்டை விலங்கு' என்ற பட்டியலில் ஏறின. சுடக்கூடாத மாதங்கள் வகுக்கப்பட்டன. பிற்பாடு வன விதிகளின் கீழ் லைசென்ஸும், ஒருவர் இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் சேர்ந்தன. இந்தியாவில் வேட்டையை ஒழுங்குபடுத்திய ஆரம்பகாலச் சட்டங்களில் இது ஒன்று. வரையாடு நீலகிரியில் பூண்டோடு அழியாமல் தப்பியதில் இதற்குப் பங்கு உண்டு, அதை மறுக்க வேண்டாம்.

ஆனால் கவனியுங்கள்... துரை தோட்டா போட்டுச் சுட்டால் 'ஸ்போர்ட்', மலைவாசி கண்ணி வைத்துப் பிடித்தால் திருட்டு! வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் காட்டில் கறிக்கு வேட்டையாடிய குறும்பரும் இருளரும் ஒரே கையெழுத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். செந்நாய் பாடு இன்னும் மோசம். துரைமார் சுட வேண்டிய மானை அது தின்கிறது என்பதற்காக அதன் தலைக்குச் சன்மானம் வைத்தார்கள்.

லைசென்ஸ் முறையே தப்பு என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மானும் காட்டு வான்கோழியும் வேட்டையால் பல மாநிலங்களில் காணாமலே போயிருந்தன. 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா மீது வசூலான 11 சதவீத வரியை நேராக வனவிலங்கு வேலைக்குத் திருப்பினார்கள். வான்கோழி மிஞ்சியிருந்த இடத்தில் பிடித்து, இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பொதுக்காட்டில் கூட்டம் அதிகமானால் குலுக்கல் போட்டு அனுமதி தருகிறார்கள். ஒருவரை ஒருவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க ஆரஞ்சு சட்டை போடச் சொல்லும் மாநிலங்கள் பல. அங்கே லைசென்ஸ் வாங்குகிறவர் பெரும்பாலும் சாதாரண ஆள். நீலகிரியில் அந்தச் சாதாரண ஆளுக்கு இடமே வைக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில்கூட முதலில் சில விலங்குகளை லைசென்ஸ் வாங்கிச் சுடலாம் என்றுதான் இருந்தது. பெரிய வேட்டைப் பட்டியலில் மான், சிறிய வேட்டைப் பட்டியலில் வாத்து. 1991 திருத்தம்தான் அந்த லைசென்ஸ் கதவை மூடியது. துரைகளின் பழக்கம் காகிதத்தில் அதுவரை உயிரோடு இருந்தது!

இந்தச் சட்டம் கடைசியாக வந்து விழுந்த இடம் நரிக்குறவர் குடிசை. வெடிமருந்து திணித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியோடு காடை, கொக்கு, நரி என்று அலைந்தவர்கள் ஊசி, பாசிமணி விற்கப் போனார்கள். எல்லோராலும் முடியவில்லை. கழுவெளி போன்ற நீர்நிலைகளில் வாத்து செத்துக் கிடந்தால் முதலில் அவர்கள் பக்கம்தான் விரல் நீள்கிறது. துப்பாக்கியோடு நிற்பவர் பிடிபடுகிறார், கறிக்கு ஆர்டர் கொடுத்தவர் பெயர் வெளியே வருவதில்லை.

2021 டிசம்பரில் வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வேடந்தாங்கலுக்கு அந்தப் பெருமை 2022-இலேயே கிடைத்திருந்தது. அறிவிப்பு தேவைதான், சந்தேகமில்லை. வேட்டை மட்டுமல்ல, ஆக்கிரமிப்பும் இறால் பண்ணைகளும் ஏரியைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்தன. ஆனால் வேடந்தாங்கலில் காகிதத்தை ஊர் கேட்டு வாங்கியது, கழுவெளியில் அது மேலிருந்து வந்தது. மீன் பிடிப்பவரும் மாடு மேய்ப்பவரும் எந்தக் கல்லைத் தாண்டினால் குற்றம் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. வாத்து வருவதால் அவர்களுக்கு என்ன லாபம் என்று வேடந்தாங்கல் மாதிரி ஒரு கணக்கை இங்கே யாரும் இன்னும் போட்டுக் காட்டவில்லை.

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. அதன்படி நரிக்குறவரும் குருவிக்காரரும் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். அதே மாதம் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம் சிறை, 25,000 ரூபாய் அபராதம். அரசாங்கப் பதிவேட்டில் அவர்கள் பெயர்களில் ஒன்று இன்றும் குருவிக்காரர்.