ஹல்துமுல்லையிலிருந்து தீவகத்துக்கு: இருவராகப் போய்வர ஒரு வழி

கிரேக்கத் தீவுகளுக்குத் தேனிலவு போகும் சோடிகளின் படங்களை மனைவி போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சுவர், நீலக் கூரை. பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி ஒவ்வொரு தீவாக இறங்குகிறார்கள். "நம்ம நாட்டுலயும் தீவு இருக்குதானே?" என்றாள். அவளுடைய ஊர் ஹல்துமுல்லை. வானம் தெளிந்த இரவுகளில் மலையிலிருந்து பார்த்தால் தெற்குக் கரையோர விளக்குகள் தெரியும். ஆனால் அவள் கடலில் கால் நனைத்தது இரண்டு தடவைதான்.

2025 சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத் தீவகத்துக்குப் போய் வந்தோம். மலையகத்திலிருந்து போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1974இல், தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்தில், மனைவியின் பெரியம்மா ஒன்பது வயதில் புங்குடுதீவில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். மூன்று வருடம் அங்கே நின்றார். மலையகப் பிள்ளைகள் பலர் அப்படி யாழ்ப்பாண வீடுகளில் வளர்ந்தார்கள். அதைப்பற்றி இரு பக்கத்திலும் அதிகம் பேசுவதில்லை. பெரியம்மா சொல்வது ஒன்றுதான்: "கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். நல்ல தண்ணிக்குக் கொடத்தத் தூக்கிக்கிட்டு ரொம்ப தூரம் நடக்கணும்."

முதலில் வழி. ஹல்துமுல்லை, கொழும்பு–பதுளை வீதியில் இருக்கிறது. கொழும்பு பஸ்ஸில் ஏறி, பலாங்கொடை, இரத்தினபுரி தாண்டி மாலைக்குள் கொழும்பு சேரலாம். அங்கிருந்து இரவு பஸ்ஸோ ரயிலோ பிடித்தால் விடிய யாழ்ப்பாணம். ஒரு பகலும் ஓர் இரவும் பயணத்துக்கே போய்விடும். ஆகவே நான்கு நாளுக்குக் குறைந்து போகாதீர்கள். எங்கள் இருவருக்கும் எல்லாமாக நாற்பதாயிரம் ரூபாய் வந்தது. கொழுந்து எடுத்து ஓய்ந்த மாமியார் உடனே கணக்குப் போட்டார். 1350 ரூபாய் நாட்கூலியில் அது 30 நாள் பேர்!

யாழ் நகரில் தங்கிக்கொண்டு தீவுகளுக்குப் போய்வருவதே சிக்கனம். முதல் நாளுக்கு நல்ல சுற்று ஒன்று இருக்கிறது. பண்ணைப் பாலத்தால் வேலணை, சாட்டிக் கடற்கரை, ஊர்காவற்றுறை. அங்கிருந்து 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதவையில் காரைநகர், பிறகு பொன்னாலைத் தாம்போதியால் நகருக்கு. பாதையில் நிற்கும்போது கடல் நடுவே ஒல்லாந்தர் காலக் கோட்டை தெரியும். இன்று அது கடற்படை நடத்தும் விடுதி. நாங்கள் தங்கவில்லை, படம் எடுத்ததோடு சரி. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கு லைடன், அம்ஸ்டர்டாம் என்று தங்கள் நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் பரவலாகப் புழங்குவது நெடுந்தீவின் 'டெல்ப்ற்' மட்டுமே.

இரண்டாம் நாள் 776ஆம் இலக்க பஸ்ஸில் புங்குடுதீவு. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் இருபுறமும் ஆழமில்லாத கடல். உள்ளே போனால் பூட்டிய கேற்றுகளும் கூரையில்லாத வீடுகளும் வரிசையாக வருகின்றன. 1990களின் தொடக்கத்தில் இராணுவம் தீவகத்தைப் பிடித்தபோது வெளியேறியவர்களில் பலர் இன்று சுவிஸிலும் பாரிஸிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வருகிறார்கள், திரும்பிப் போகிறார்கள். கிரேக்கத்திலும் இப்படி ஒரு தீவு உண்டு. கஸ்தெலோரிசோ. இரண்டாம் உலகப் போரில் மக்கள் வெளியேற்றப்பட்ட அந்தத் தீவின் பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில் பெருகி, கோடையில் ஊர் பார்க்க வருகிறார்கள். விளம்பரப் படங்களில் அந்தக் கதை வருவதில்லை.

பெரியம்மா நின்ற வீட்டைத் தேடினோம். அடையாளமாகச் சொன்னது ஒரு வேப்பமரமும் கிணறும். வேம்பும் கிணறும் இல்லாத வளவு அங்கே ஏது? மூன்று வளவுகளில் படம் எடுத்தோம். ஒரு கிணற்றில் மனைவி தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரம்தான். நாகபூஷணி அம்மன் கோயிலையும் நாக விகாரையையும் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். ஆனியில் மகோற்சவக் காலம், படகில் இடம் கிடைப்பது பாடு.

மூன்றாம் நாள் நெடுந்தீவு. காலைப் படகைத் தவறவிடக் கூடாது, நேரத்தை முதல் நாளே இறங்குதுறையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரக் கடல். பக்கத்தில் இருந்த ஆச்சி கேட்டார்: "பிள்ளையள் எவடம்?"

"பதுளைப் பக்கம், ஹல்துமுல்லைங்க."

இந்தப் பதிலுக்குப் பிறகு வரும் குரல் மாற்றத்துக்கு மனைவி பழகியவள். ஆச்சி யோசித்துவிட்டு, "அந்த மண்சரிவு வந்த இடமோ?" என்றார்.

2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை. அதே பிரதேச செயலகப் பிரிவுதான். லயன் வீடுகளோடு மண்ணுள் போனவர்களில் மனைவி அறிந்தவர்களும் இருந்தார்கள். அதைச் சொன்னாள். ஆச்சி பேசாமல் கேட்டார். பிறகு கையைக் கடல் பக்கம் நீட்டி, "இஞ்சதான் குமுதினி" என்றார். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். எனக்கு அது வாசித்துத் தெரிந்த செய்தி. மனைவி கேள்விப்பட்டதேயில்லை. நெடுந்தீவு மாவிலித்துறையில் நினைவிடம் இருக்கிறது. இறங்கியதும் நாங்கள் முதலில் போனது அங்கேதான்.

தீவுக்குள் சுற்ற ஓட்டோ உண்டு, கூலியை முதலே பேசிக்கொள்ளுங்கள். முருகைக்கல் அடுக்கிய வேலிகள், பெருக்குமரம், புறாக்கூடு, வைத்தியசாலைக்குப் பின்னால் இடிந்த பழைய கோட்டை, வெளியில் மேயும் கட்டாக்காலிக் குதிரைகள். வரட்சி முற்றினால் அந்தக் குதிரைகளுக்கும் தண்ணீர் இல்லை. உங்கள் குடிதண்ணீரைக் கொண்டுபோங்கள். ஊராரிடம் கேட்டு வாங்காதீர்கள், அவர்களுக்கே அது அருமை. மாசி முதல் சித்திரை வரை கடல் அமைதி. சோளகம் வீசத் தொடங்கினால் படகு ஆட்டும், கார்த்திகை மார்கழியில் படகு நிற்கவும் கூடும்.

அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகு. எங்களுக்கு நாள் போதவில்லை.

திரும்பி வந்து பெரியம்மாவிடம் மூன்று கிணற்றுப் படங்களையும் காட்டினோம். மூன்றாவதில் விரலை வைத்து, பிறகு எடுத்துவிட்டார். "மரம் இவ்வளவு பெருசில்ல அப்ப" என்றார்.