ஐந்து பேர் கேட்ட பேச்சு

1958-ம் ஆண்டு. வியன்னா நகரத்தில் உயிர்வேதியியல் விஞ்ஞானிகளின் சர்வதேச மாநாடு. ஒரு பெரிய அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருக்க, ஹார்மோன்களைப் பற்றிப் பெரிய பெரிய தலைகள் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில், வேறோர் அறையில் எல்வுட் ஜென்சன் என்ற சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையைப் படித்தார். எதிரே எத்தனை பேர் தெரியுமா? ஐந்தே பேர்! அதிலும் மூன்று பேர், அடுத்துப் பேசுவதற்காகக் காத்திருந்தவர்கள்!

இன்றைக்கு மார்பகப் புற்றுநோய் என்று ஒரு பெண்மணி மருத்துவமனைக்குப் போனால், டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு அந்த அறையில்தான் விதை போடப்பட்டது. அது என்ன கேள்வி? அதற்கு நாம் இன்னும் அறுபது வருஷம் பின்னால் போய், ஸ்காட்லாந்தில் ஒரு ஆபரேஷன் தியேட்டருக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

கிளாஸ்கோ நகரின் சர்ஜன் ஜார்ஜ் பீட்சன். மாட்டுப் பாலுக்கும் மனுஷியின் நோய்க்கும் முடிச்சுப் போட்ட விசித்திரமான மனிதர்! கன்று போட்ட பசுவின் சினைப்பைகளை எடுத்துவிட்டால் அது தொடர்ந்து பால் கறக்கும் என்று சில நாடுகளில் விவசாயிகள் நம்பினார்கள், செய்தும் வந்தார்கள். 'அப்படியானால், எங்கோ வயிற்றுக்குள் இருக்கும் சினைப்பை, மார்பகத்துக்கு ஏதோ உத்தரவு போடுகிறதா?' என்று யோசித்தார் பீட்சன். ஹார்மோன் என்ற வார்த்தையே அப்போது கிடையாது. அது பிறந்தது 1905-ல்தான்!

1895 ஜூனில், 33 வயதுப் பெண் ஒருவருக்கு அவர் இரண்டு சினைப்பைகளையும் அகற்றினார். புற்றுநோய் முற்றி, மார்பில் கத்தி வைக்கவே முடியாது என்று கைவிடப்பட்ட கேஸ் அது. சில மாதங்களில் கட்டி கரைந்துபோனது. அந்தப் பெண் அதன் பிறகு மூன்று வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். 1896-ல் 'லான்செட்' பத்திரிகையில் பீட்சன் இதை எழுத, மற்ற சர்ஜன்களும் களத்தில் இறங்கினார்கள். கொஞ்ச நாளில் ஒரு சங்கடமான உண்மை தெரியவந்தது. மூன்று பெண்களில் ஒருத்திக்குத்தான் பலன். மற்ற இருவருக்கு? வயிற்றைக் கிழித்ததுதான் மிச்சம்!

அடுத்து வந்தது இதைவிடக் கடுமை. மாதவிலக்கு நின்ற பிறகும், சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் தயவால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஊறுகிறது. '1950-களில் கார்ட்டிசோன் மருந்து கைக்கு வந்துவிட்டதே, இனி அட்ரினலையும் எடுக்கலாம்' என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் (இவர் 1966-ல் நோபல் பரிசு வாங்கியவர்) ஆரம்பித்தார். நோயாளி ஆயுசுக்கும் மருந்தை நம்பி வாழ வேண்டும். இதிலும் மூன்றில் ஒருத்திக்குத்தான் குணம் தெரிந்தது. எந்த ஒருத்தி? ஆபரேஷன் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும்! சுரப்பியை இழந்து, பலனும் இல்லாமல் படுத்துக்கிடந்த அந்த மற்ற இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள்.

ஜென்சன் அதே ஹக்கின்ஸின் ஆய்வுக்கூடத்துக்காரர்தான். பிழைப்புக்கு வேதியியல். ஆனாலும் மனுஷர், இளைஞராக இருந்தபோது, மலையேறிப் பழக்கமே இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறிவிட்டு வந்தவர். அந்தச் சிகரத்தை 1865-ல் முதலில் தொட்ட எட்வர்ட் விம்பர், இத்தாலிப் பக்கமாகப் பலமுறை முயன்று தோற்று, கடைசியில் ஸ்விஸ் பக்கமாக ஏறி ஜெயித்தார். ஜென்சனும் அதே மாதிரி பக்கத்தை மாற்றினார். 'ஹார்மோன் உடம்பை என்ன செய்கிறது?' என்று ஊரே கேட்க, இவர், 'உடம்பு ஹார்மோனை என்ன செய்கிறது?' என்று கேட்டார்.

ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரு அடையாளம் வேண்டுமே? சக ஆராய்ச்சியாளர் ஹெர்பர்ட் ஜேக்கப்சனோடு சேர்ந்து, அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஒட்டினார். காலில் சலங்கை கட்டிவிட்ட மாதிரி! எலிகளுக்கு ஊசி போட்டார். ரத்தம், தசை போன்ற இடங்களில் எல்லாம் ஹார்மோன் வந்த வேகத்தில் போய்விட்டது. கர்ப்பப்பையில் மட்டும் தங்கிவிட்டது. அதுவும் துளிக்கூட உருமாறாமல்! அங்கே அதைப் பிடித்து உட்கார வைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. பூட்டுக்குள் சாவி போல. அந்தப் பூட்டுதான் ரிசப்டர்.

பிறகென்ன? மார்பகக் கட்டியிலும் அந்தப் பூட்டைத் தேடினார். 1971-ல் விடை வந்தது: பூட்டு இல்லாத கட்டிக்கு, அட்ரினலை எடுப்பதால் அநேகமாக எந்தப் பயனும் இல்லை. ஒரு பரிசோதனையில் எத்தனையோ பெண்கள் வீண் கத்தியிலிருந்து தப்பினார்கள்! அதே 1971-ல், கருத்தடைக்கென்று இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டுச் சரிப்படாமல் போன ஒரு மருந்தை, மான்செஸ்டரில் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளியாயின. அதுதான் டாமாக்ஸிஃபென். பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொண்டு, சாவியை நுழையவிடாத மாத்திரை. ஜென்சனுக்கு 2004-ல் லாஸ்கர் விருது கிடைத்தது, நோபல் கிடைக்கவில்லை. அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. 2012-ல், 92 வயதில் காலமானார்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பூட்டைப் பார்க்கக் கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டியாக வேண்டும். நோயோ எலும்பு, நுரையீரல் என்று பத்து இடத்துக்குப் பரவியிருக்கும். ஓரிடத்தில் பூட்டு இருக்கும், இன்னோரிடத்தில் தொலைந்திருக்கும். பத்து இடத்திலும் வெட்டுவதா? டிரிட்டியத்தின் கதிர் மிக பலவீனமானது. உடம்பைத் தாண்டி வெளியே வராது. ஆகவே ஈஸ்ட்ரோஜனில் ஃப்ளோரின்-18-ஐ ஒட்டினார்கள். இதன் கதிர்களை வெளியிலிருந்தே 'பெட்' ஸ்கேன் படம் பிடித்துவிடும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜான் கட்சனெல்லன்போகனும் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து உழைக்க, 1988-ல் நோயாளிகளின் கட்டிகள் படத்தில் பளிச்சென்று தெரிந்தன. உயிரோடு இருக்கும் பெண்ணின் உடம்பில், கத்தியே இல்லாமல்! அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது மட்டும் 2020-ல்தான்.

இது எல்லா ஊரிலும் கிடைக்கிற சமாசாரம் இல்லை. ஃப்ளோரின்-18 ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் பாதியாகக் கரைந்துவிடும். செய்த கையோடு ஊசி போட வேண்டும். ஈரலில் இருக்கும் கட்டியை இதில் நம்பிப் பார்க்க முடியாது. இந்த மருந்தைச் சிதைக்கிற வேலை அங்கேதான் நடப்பதால் ஈரல் முழுக்கவே ஜொலிக்கும். வெட்டிப் பார்க்கும் பயாப்ஸிக்கும் இது முழு மாற்று இல்லை. இன்னொன்று, டாமாக்ஸிஃபென் சாப்பிட ஆரம்பித்தவருக்கு வாரக்கணக்கில் பூட்டுகள் அடைபட்டே கிடக்கும். ஸ்கேனில், பூட்டே இல்லாதது போலத் தோன்றும். அதனால் முதல் மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.